லோக்கல் கார்டியன்

ஆஸ்டின் டவுன், பெங்களூர்
12 ஜூலை 1992

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை பிரிசில்லா எழுதுவது. அம்மா, நான், உன் மகள் தாரணி மூவரும் ஆண்டவர் தயவில் நலம். மஸ்கட் வெயில் உன்னை எப்படி வைத்திருக்கிறது, ஆஸ்பத்திரியில் வேலை பழகிவிட்டதா, அதை முதலில் எழுது.

தாரணிக்கு வாய் அடங்குவதில்லை. அம்மாவிடம் தமிழ், எதிர்வீட்டில் கன்னடம். பால் குடித்ததும் கோவிந்தப்பா வீட்டுக்கு ஓடிவிடுகிறாள். போன டிசம்பர் காவிரிக் கலவரத்தில் நீ அவளை அவர் கையில் கொடுத்தாயே, அன்றையிலிருந்து அவளுக்கு அதுவும் சொந்த வீடுதான். உதயா மாமா சனிக்கிழமை தவறாமல் கே.ஜி.எஃப். ரயிலில் வந்து அவளைப் பார்க்கிறார். நான் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் பெற்ற அப்பனை 'மாமா' என்கிறாள். மனிதர் முகம் சுருங்கிப்போகிறது.

காலேஜ் திறந்தாயிற்று. பி.ஏ. இரண்டாம் வருஷம். இங்கே ஜாதி, மதம், நிறம் எதுவும் பார்ப்பதில்லை என்று பிரின்சிபால் முதல் நாளே மைக்கில் சொன்னார். வாஸ்தவம்தான், கேன்டீனில் மேஜையை மட்டும்தான் பார்க்கிறார்கள். ஜன்னலோரம் மலையாளிகள், கல்லாப்பெட்டி பக்கம் குடகுப் பிள்ளைகள், ஃபேனுக்குக் கீழே மணிப்பூர், கை கழுவும் தொட்டி பக்கத்தில் ஆப்பிரிக்கா. கே.ஜி.எஃப்.பிலிருந்து வரும் நம் ஆட்களுக்கும் ஒரு மேஜை உண்டு. கலவரத்துக்குப் பிறகு அங்கே யாரும் வாய்விட்டுத் தமிழ் பேசுவதில்லை. டீயைக்கூட இங்கிலீஷில்தான் ஊதிக் குடிக்கிறார்கள்.

நான் எந்த மேஜையிலும் ஒட்டாமல் படிக்கட்டில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறப்பேன். இப்போது அங்கே ஒரு துணை கிடைத்திருக்கிறது. என் வகுப்புதான், பேர் ரெஹேமா, தான்சானியா நாட்டுப் பெண். ஆப்பிரிக்கா மேஜை முழுக்க சூடான் பையன்களாம், அவளுக்கு அங்கே ஒப்பவில்லை.

ஹாஸ்டல் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை வெளியே வர வேண்டுமானால் ஊருக்குள் ஒரு லோக்கல் கார்டியன் வேண்டும். அவர்தான் கூட்டிப்போய்க் கொண்டுவிட வேண்டும், ஏதாவது நடந்தால் காலேஜ் முன்னால் வந்து நிற்க வேண்டும். இவளுக்கு இந்த ஊரில் ஆளே இல்லை. போன வருஷம் ஞாயிறெல்லாம் ஹாஸ்டலிலேயே கிடந்திருக்கிறாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் "எங்க அம்மா இருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். அம்மாவும் வார்டன் மௌரீன் மிஸ்ஸிடம் போய், "நான் பாத்துக்கறேன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள். வரும் வழியில், "ஏண்டி, பாவம், ரொம்பக் கறுப்பா இருக்காளே" என்றாள். நான் அம்மாவைப் பார்த்தேன், என்னைப் பார்த்துக்கொண்டேன், சிரிப்பை அடக்க முடியவில்லை.

பதில் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் பிரியமுள்ள,
பிரிசில்லா


மஸ்கட்
3 ஆகஸ்ட் 1992

அன்புத் தங்கை பிரிசிக்கு,

பிரபா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது? தாரணி எத்தனை பல்லோடு சிரிக்கிறாள் என்றுகூட நீ எழுதவில்லை, கேன்டீன் மேஜையைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதுகிறாய்.

'ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்' என்று அம்மா சொல்லிக்கொண்டிருப்பாள். தானே வளராது, என் பிள்ளையையும் கொஞ்சம் ஊட்டி வளர்க்கச் சொல். அந்தப் பெண் நல்லவளாகத்தான் இருப்பாள். இங்கே வார்டில் என்னைப் பார்த்ததும் வீட்டு வேலைக்காரி வழிதவறி வந்துவிட்டாளோ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், யூனிஃபார்ம் போட்டிருந்தாலும் கேட்கிறார்கள். அதனால் எனக்கு அவள்மேல் ஒன்றும் இல்லை.

ஏதாவது நடந்தால் அம்மா வந்து நிற்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அந்த 'ஏதாவது' என்ன என்று மௌரீன் மிஸ்ஸிடம் கேட்டாயா? கையெழுத்துப் போடும் முன் கேட்டிருக்கலாம்.

கோவிந்தப்பா அண்ணனுக்கும் அவர் வீட்டம்மாவுக்கும் என் வணக்கம். தாரணிக்கு முத்தம்.

அக்கா பிரபா


ஆஸ்டின் டவுன்
20 செப்டம்பர் 1992

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம், அம்மாவின் இருமல் போயே போய்விட்டது. உன் நலத்துக்கு ஜெபிக்கிறோம். தாரணிக்குக் கடைவாய்ப் பல் வந்தாயிற்று. இனிமேல் பல் கணக்கையே முதலில் எழுதுகிறேன், போதுமா?

ரெஹேமா இப்போது எல்லா ஞாயிறும் வருகிறாள். முதல் நாள் அம்மா, அவள் என்ன சாப்பிடுவாளோ என்று பயந்து பிரெட்டும் ஜாமும் வாங்கி வைத்தாள். நமக்குக் கேழ்வரகுக் களியும் கறிக்குழம்பும். அந்தப் பெண் பிரெட்டைத் தொடவில்லை. களியைக் கிள்ளி, உருட்டி, கட்டைவிரலால் குழி செய்து, குழம்பை மொண்டு விழுங்கினாள். "இது எங்கள் ஊர்ச் சாப்பாடு, எங்களிடம் உகாலி என்று பேர்" என்றாள். அம்மா அப்படியே விழுந்துவிட்டாள். "நீ கரண்டியில் தின்னுவே, அவளைப் பாரு" என்று எனக்குத் திட்டு வேறு.

அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, அவளுக்குத் தமிழ் வராது. இருவரும் மத்தியானம் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தாரணிக்கு அவள் தலை முழுக்கச் சின்னச் சின்னதாகப் பின்னிவிட்டிருக்கிறாள். போட்டோ வைத்திருக்கிறேன்.

தெருவில்தான் கொஞ்சம் சங்கடம். அவள் நடந்துவந்தால் கடைக்காரர் சில்லறை கொடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார். குழந்தைகள் பின்னாலேயே ஓடிவருகின்றன. நம் கோவிந்தப்பா மகன் சஞ்சய் என் காலேஜில்தானே பி.காம். படிக்கிறான். தெருவில் அம்மாவுக்குக் கேஸ் சிலிண்டர் தூக்கிக்கொடுக்கும் பையன், காலேஜ் கேட்டில் கூட்டாளிகளோடு நின்றால் வேறு ஆள். அவளைப் பார்த்து ஏதோ சத்தம் எழுப்பினான். நான் முறைத்தேன், தலையைத் திருப்பிக்கொண்டான். அவள், "விடு, பெங்களூரில் எனக்கு இது குட் மார்னிங் மாதிரி" என்றாள்.

அன்புடன்,
பிரிசில்லா


மஸ்கட்
25 அக்டோபர் 1992

அன்புள்ள பிரிசி,

நலம், நலமறிய ஆவல். போட்டோ வந்தது. தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். பின்னல் அழகாக இருக்கிறது, அந்தப் பெண்ணிடம் நான் சொன்னதாகச் சொல். எதிர்வீட்டில் பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள்?

ஊருக்கு வரும் நர்ஸ் ஒருத்தியிடம் சோப்பும் பாதாமும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பாதி கோவிந்தப்பா அண்ணன் வீட்டுக்கு. மறந்துவிடாதே.

அக்கா


ஆஸ்டின் டவுன்
24 ஜனவரி 1993

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவும் தாரணியும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும். என்னால் இன்றைக்கு வேறு நலம் விசாரிக்க முடியவில்லை, மன்னித்துக்கொள்.

வெள்ளிக்கிழமை எங்கள் காலேஜில் எத்னிக் டே. அவரவர் ஊர் உடுப்பில் வர வேண்டும். கொண்டையும் மல்லிகையுமாகப் போய்த் தமிழச்சி என்று நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை, சுடிதாரில் போனேன். ரெஹேமா தன் ஊர்ப் பூப்போட்ட துணியை உடுத்தி, அதே துணியில் தலைக்கட்டும் கட்டிக்கொண்டு ராணி மாதிரி வந்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். பிரின்சிபால் அவளோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

நிகழ்ச்சி முடிந்து அவள் முன்னால் போனாள். நான் ஒரு நிமிஷம் பின்னால் வந்தேன். கேட்டுக்கு வெளியே சோடாக் கடை, அங்கே சஞ்சயும் அவன் கூட்டாளிகளும். உள்ளே என்ன வைத்திருக்கிறாய் என்று கன்னடத்தில் கேட்டுக்கொண்டே சஞ்சய் அவள் தலைக்கட்டைப் பிடித்து உருவினான். அவள் கை நீட்டித் திருப்பிக் கேட்டாள். அதைப் பந்தாக்கி ஒருவனுக்கு ஒருவன் வீசினார்கள். அவள் எட்டிப் பிடித்துவிட்டாள். பிடித்த ஆத்திரத்தில் சஞ்சய் சோடா பாட்டிலை எறிந்தான். புருவம் கிழிந்து ரத்தம் கொட்டியது. அதற்குப் பிறகுதான், அக்கா, அதற்குப் பிறகுதான் அவள் அவனை அறைந்தாள். அவன் படியில் விழுந்து முன்பல் உடைந்தது.

நிறுத்தியிருந்த ஒரு ஆட்டோவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன். கால் நகரவில்லை. அவள் என்னைப் பார்த்தாள்.

இப்போது பையன்கள் எல்லாரும் ஒரே வாயாக, அவள்தான் காரணமில்லாமல் அடித்தாள், பாட்டில் தள்ளுமுள்ளில் உடைந்தது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தாராம். சோடாக் கடைக்காரர் எனக்கெதுக்கு வம்பு என்கிறார். பிப்ரவரி பதினைந்துக்கு மேல் விசாரணை. பார்த்ததைச் சொல்ல நான் ஒருத்திதான் இருக்கிறேன். நான் சொன்னால் சஞ்சயை வெளியே அனுப்புவார்கள். சொல்லாவிட்டால் அவளை அனுப்புவார்கள்.

கலவரத்தன்றைக்குக் கையில் தடியோடு வந்தவர்களிடம் நம் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "இல்லி யாரூ இல்லா, எல்லா நம்மோரே" என்று, எல்லாரும் தன் ஆட்கள்தான் என்று கோவிந்தப்பா கத்தினாரே, அவர் பெற்ற பிள்ளையை நான் எப்படிக் காட்டிக்கொடுப்பேன்? இவளை எப்படிக் கைவிடுவேன்? அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். கோவிந்தப்பா இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுவிட்டாலாவது நான் சண்டை போட்டிருப்பேன்.

போனில் பேசலாம் என்றால் முனையில் இருக்கும் பூத் அவர் மைத்துனருடையது. சொல்லட்டுமா, வேண்டாமா, ஒரே ஒரு வரி எழுது.

பிரிசில்லா


மஸ்கட்
5 பிப்ரவரி 1993

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். உன் கடிதம் கிடைத்தது.

தாரணிக்கு அம்மை ஊசி போட்டாயிற்றா? குளிர் போகும்வரை ஸ்வெட்டரைக் கழற்றாதே, காதை மூடி வை. போட்டோவில் முழங்காலில் ஒரு காயம் தெரிகிறது, நீ அதைப் பற்றி எழுதவில்லை. சாயங்காலம் அவளைத் தனியாக வாசலில் விடாதே. கேட்டைச் சாத்தியே வை. நானோ இங்கே இருக்கிறேன், அவள் அப்பா கே.ஜி.எஃப். சுரங்கத்துக்குள் இருக்கிறார், ஒன்று என்றால் ஓடிவர அந்தத் தெருதான் அவளுக்கு இருக்கிறது.

கோவிந்தப்பா அண்ணனைக் கேட்டதாகச் சொல். அண்ணிக்கு முழங்கால் வலி தேவலையா என்று விசாரி. சஞ்சய்க்குப் பல் கட்டினார்களா?

அம்மாவைப் பார்த்துக்கொள்.

பிரபா


ஆஸ்டின் டவுன்
28 பிப்ரவரி 1993

அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். ஊசி போட்டாயிற்று. முழங்கால் காயம் ஆறிவிட்டது. சஞ்சய்க்குப் பல் கட்டிவிட்டார்கள், பழைய பல்லைவிட வெள்ளையாக இருக்கிறது.

நீ எழுதியதும் கிடைத்தது, எழுதாததும் கிடைத்தது.

விசாரணைக்கு லோக்கல் கார்டியன் வர வேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள். அம்மா கிறிஸ்துமஸ் புடவையைக் கட்டிக்கொண்டாள். பஸ்ஸில், "வாயத் தொறக்கறதும் தொறக்காததும் உன் இஷ்டம், பிரிசி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் கொழந்த மூஞ்சி எனக்கு மறக்க மாட்டேங்குது" என்றாள். எந்தக் குழந்தை என்று நான் கேட்கவில்லை.

பிரின்சிபால் அறைக்கு வெளியே ஒரே ஒரு பெஞ்சு. கோவிந்தப்பாவும் சஞ்சயும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவைப் பார்த்ததும் அவர் எழுந்து, மகனையும் எழுப்பி, "கூத்கொள்ளி அம்மா, உக்காருங்க" என்று இடம் விட்டார். அம்மா உட்கார்ந்தாள். அவ்வளவுதான், என் தைரியமெல்லாம் அந்தப் பெஞ்சோடு போயிற்று.

உள்ளே ரெஹேமா நின்றிருந்தாள், புருவத்தில் தையல். பிரின்சிபால் அம்மாவைக் கேட்டார். "நல்ல பொண்ணு சார். எங்க வீட்ல சாப்புடற பொண்ணு சார்" என்று அம்மா இரண்டு தரம் சொன்னாள். பிறகு என்னைக் கேட்டார். நான் லைப்ரரியில் இருந்தேன் சார், வந்தபோது கூட்டத்தைத்தான் பார்த்தேன் என்றேன். நல்ல இங்கிலீஷில், ஒரு தப்பும் இல்லாமல் சொன்னேன். ரெஹேமா என் பக்கம் திரும்பவே இல்லை.

அவளைப் பரீட்சை எழுத விடவில்லை. சர்டிபிகேட்டைக் கொடுத்து ஹாஸ்டலைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். காலேஜ் இல்லாமல் விசாவும் இல்லை. ஹாஸ்டலிலிருந்து அழைத்துப்போக கார்டியன்தான் வர வேண்டும் என்றார்கள். அம்மாவும் நானும் போய் அவள் டிரங்குப் பெட்டியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவந்து பம்பாய் ரயிலில் ஏற்றினோம். அம்மா களி கிளறிக் கட்டிக் கொடுத்தாள். அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்குக் கை கொடுத்தாள். சோஷியாலஜி நோட்ஸ் ஹாஸ்டல் அலமாரியில் இருக்கிறது, பரீட்சைக்கு எடுத்துக்கொள் என்றாள்.

பிரிசில்லா


ஆஸ்டின் டவுன்
11 ஏப்ரல் 1993, ஈஸ்டர்

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்த்தெழுந்த திருநாள் வாழ்த்து. உன்னிடமிருந்து கடிதமே இல்லை. சுகமாக இருக்கிறாயா? கோபமாக இருந்தால் கோபத்தோடாவது நாலு வரி எழுது. தாரணி நேற்று உன் போட்டோவைக் காட்டி, "இது யாரு அத்தை?" என்று கேட்டாள். சித்தி என்று கூப்பிடச் சொல்லி மறுபடி பழக்கிக்கொண்டிருக்கிறேன், எல்லா முறையும் தலைகீழாகச் சொல்கிறாள்.

இன்றைக்கு மத்தியானம் அம்மா பிரியாணி கொடுக்க கோவிந்தப்பாவைக் கூப்பிட்டாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவாமல் உட்கார்ந்தே இருந்தார். அப்புறம், "பிரிசி, அன்னிக்கி நீ ஆட்டோ பக்கத்துலதான் நின்னே. நனகே கொத்து. எனக்குத் தெரியும்மா. சஞ்சயே சொன்னான்" என்றார்.

நான் அவர் தட்டை எடுக்கக் குனிந்தேன், அவர் விடவில்லை.

"நீ உள்ள போய் சொல்லுவே, சொன்னா நானே அவன் காதைத் திருகி அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்பு கேக்க வெப்பேன்னு இருந்தேன். நீ சொல்லல. சரி, அந்தப் பொண்ணு மேலயும் ஏதோ தப்பு இருக்கும்னு விட்டுட்டேன். யாக்கம்மா, ஏன் சொல்லல?"

அம்மாதான் பேசினாள். "அண்ணா, நீங்க எங்களுக்குப் பண்ணினதுக்கு..." என்று ஆரம்பித்தாள். அவர் முகம் அப்படியே மாறிவிட்டது. "நான் அதுக்குக் கூலி கேட்டேனா?" என்றார். எழுந்து போய்விட்டார்.

அக்கா, இப்போது சொல்வது சுலபம். ரயில் போன பிறகு யார் வேண்டுமானாலும் கொடி காட்டலாம். தெரிந்தும் அந்தப் பெஞ்சில் அவரும்தானே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்? எனக்காக அவர் காத்திருந்தார், அவருக்காக நான் பயந்தேன், நடுவில் அவள் போய்விட்டாள். அவர் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்தேன். அதை நம்புவதா வேண்டாமா என்றும் தெரியவில்லை. எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை, அக்கா. பைத்தியம் பிடிக்கிறது.

பிரிசில்லா


மஸ்கட்
30 ஏப்ரல் 1993

அன்புள்ள பிரிசிக்கு,

நான் நலம். எழுதாமல் இருந்ததற்கு வேலைதான் காரணம் என்று எழுத ஆரம்பித்து, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

உன் கோபத்துக்கு ஆள் தேடாதே, என்மேல் படு. சொல்லாதே என்று நான் எழுதவில்லை, ஆனால் சொல்லாதே என்றுதான் எழுதினேன். நீ மறுபடி கேட்டாலும் அதையேதான் எழுதுவேன். கோவிந்தப்பா அண்ணன் இன்றைக்கு நியாயம் பேசுகிறார். நீ அன்றைக்கு அவர் மகன் பேரைச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று உனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. இன்னொரு டிசம்பர் வந்தால் என் பிள்ளையை யார் வாங்கிக்கொள்வார்கள்? காலேஜ் பிரின்சிபால் வருவாரா?

ஆனால் ஒன்று. அந்தப் பெண்ணின் அம்மாவும் என்னைப் போலத் தூர தேசத்தில் இருந்துகொண்டுதானே, பெங்களூரில் என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு குடும்பம் இருக்கிறது என்று நம்பியிருப்பாள். டியூட்டியில் ஊசி போடும்போதுகூட அந்த நினைப்பு வந்துவிடுகிறது. அந்த அம்மாளின் பேர் என்ன? உனக்குத் தெரியுமா?

தாரணியிடம் என் போட்டோவைக் காட்டிக்கொண்டே இரு.

பிரபா


ஆஸ்டின் டவுன்
4 ஜூலை 1993

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா, தாரணி, நான் நலம். உதயா மாமாவை இப்போது 'அப்பா' என்கிறாள், மனிதர் ஸ்டேஷனிலிருந்து ஓடியே வருகிறார். நீ உடம்பைக் கவனித்துக்கொள்.

காலேஜ் திறந்தது. ஆபீஸ் பியூன் கூப்பிட்டு, லீவில் வந்தது என்று ஒரு ஏர்மெயில் கவரைக் கொடுத்தார். தான்சானியா ஸ்டாம்ப். ஏப்ரலில் எழுதியிருக்கிறாள். இரண்டு மாதமாக ஆபீஸ் அலமாரியில் கிடந்திருக்கிறது. நம் வீட்டு விலாசம் அவளுக்குத் தெரியும். வீட்டுக்கு எழுதினால் தெருவில் நமக்குச் சங்கடம் வரும் என்றுதான் காலேஜுக்கு எழுதுகிறேன் என்று முதல் வரியிலேயே சொல்லியிருக்கிறாள்.

இங்கே கொடுத்த சர்டிபிகேட்டில் நடத்தை சரியில்லை, அடிதடி என்று எழுதிவிட்டார்களாம். அதைப் பார்த்துவிட்டு அவள் ஊர்க் காலேஜில் சேர்க்க மறுக்கிறார்கள். நடந்ததைப் பார்த்த ஒருவர் எழுதிக் கொடுத்தால் யோசிக்கிறோம், ஜூன் பதினைந்துக்குள் வர வேண்டும் என்றார்களாம். அவள் எழுதியதை அப்படியே தமிழில் தருகிறேன்:

'நீ அன்று அங்கே இருந்தாய். பார்த்ததை மட்டும் எழுதினால் போதும். உன் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். உன்னால் முடியாது என்றால் நான் புரிந்துகொள்வேன், வருத்தப்பட மாட்டேன். அப்போது நீ பதில் போட வேண்டாம். பதில் வராவிட்டால் தெரிந்துகொள்கிறேன். அம்மாவுக்கு என் அன்பு.'

தெரிந்துகொண்டிருப்பாள், அக்கா. ஜூன் பதினைந்து வரைக்கும் பார்த்துவிட்டுத் தெரிந்துகொண்டிருப்பாள்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "எழுதுடி, இப்பவே எழுது" என்று அலறினாள். தேதி முடிந்துவிட்டது என்று சொன்னால் அவளுக்கு ஏறவே இல்லை. உட்கார்ந்து எழுதினேன். தலைக்கட்டை உருவியது, பந்தாக வீசியது, பாட்டில் எறிந்தது எல்லாம், சஞ்சய் பேரோடு. எதிர்வீட்டுக்குப் போய் கோவிந்தப்பாவிடம் இப்படி எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். தாரணி அவர் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

நீ அந்த அம்மாள் பேரைக் கேட்டிருந்தாய். எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை.

நேற்று போஸ்ட் ஆபீஸுக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் கவரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெளிநாடா? அர்ஜென்டாம்மா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன்.

உன் தங்கை,
பிரிசில்லா